சீர்காழி கணக்கு வாத்தியார் நூலகர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்த கதை



போன பதிவு ரொம்ப நீளம் என்று இரண்டு மூன்று பேர் செல்லமாகக் கோபித்துக்கொண்டீர்கள். இதுவும் நீளம்தான். சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஆகஸ்ட் மாதம் முதல் வாரத்தில் ஒரு போன். "டீச்சர், நான்தான்" என்றதுமே குரல் தெரிந்துவிட்டது. என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை படித்த பெண். இப்போது ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறாள். பெயர் வேண்டாம், அவள் வகுப்புக்காரர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

"டீச்சர், பன்னிரண்டாம் தேதி நூலகர் நாள். கல்லூரியில அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. ரங்கநாதன் நம்ம ஊர்க்காரர்தானே, உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்களேன்."

"பாத்துச் சொல்றேம்மா" என்றேன். பார்க்க உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷத்துக்கு உண்டான விஷயம் இல்லை இது. அவளுக்கு வேண்டியதை அனுப்பிவிட்டேன். மீதியை உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபிறகு நான் இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சி படித்தேன். கரும்பலகையில் எழுத்து கோணாமல் எழுதுவது, பாடக்குறிப்பு எழுதுவது, குழந்தை உளவியல், அருகிலுள்ள பள்ளியில் கற்பித்தல் பயிற்சி, எல்லாம் உண்டு. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கழித்தல் கணக்கு சொல்லித்தரவே இரண்டு ஆண்டு பயிற்சி தேவை என்று அரசு நினைத்தது. சரிதான். அப்படியானால் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆயிரக்கணக்கான புத்தகங்களைப் பொறுப்பில் எடுத்து, பேராசிரியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் எடுத்துக் கொடுக்கிறவருக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்?

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதற்கு நம் நாட்டில் பெரும்பாலும் கிடைத்த பதில்: ஒன்றும் வேண்டாம். நன்றாகப் படித்தவராக, நாணயமானவராக இருந்தால் போதும். சாவியை அவரிடம் கொடுத்துவிடலாம்.

இந்தியாவில் முதலில் இதை மாற்றிப் பார்த்தவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். அம்பேத்கருக்கு உதவித்தொகை கொடுத்து அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினாரே, அதே மன்னர்தான். கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தவருக்கு அடுத்து ஒரு கவலை வந்தது. பள்ளியை விட்டு வெளியே போன பிள்ளைக்குப் படிக்கப் புத்தகம் இல்லையென்றால் எழுத்தே மறந்துபோகுமே! அதற்காகத் தம் சமஸ்தானம் முழுவதும் நூலகங்கள் அமைக்க அமெரிக்காவிலிருந்து வில்லியம் ஆலன்சன் போர்டன் என்பவரை வரவழைத்தார். போர்டன் 1911-இல் பரோடாவிலேயே நூலகர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார். கட்டடமும் புத்தகமும் மட்டும் போதாது, அதை நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும் என்பது அங்கே புரிந்துவிட்டது.

நான்கு ஆண்டு கழித்து, 1915-இல், லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கு ஆசா டான் டிக்கின்சன் என்ற இன்னொரு அமெரிக்கர் வந்தார். நம் நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் நடத்திய முதல் நூலகப் பயிற்சி அவர் தொடங்கியதுதான். மாணவர்களுக்காக 1916-இல் பாடப்புத்தகமும் எழுதினார். அப்போது லாகூர் பிரிக்கப்படாத இந்தியாவில் இருந்தது என்பது வரலாறு படித்த உங்களுக்குத் தெரியும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

சீர்காழி சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியை உங்களில் பலருக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், சிலர் அங்கே படித்தும் இருப்பீர்கள். 1892-இல் பிறந்த சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன் படித்ததும் அங்கேதான். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். பேச்சில் திக்கல் உண்டு. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. முடித்து, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. படித்தார். ஆக, அவரும் நம்மைப்போலப் பயிற்சி பெற்ற வாத்தியார்! மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அரசுக் கல்லூரிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு நூலகர் பதவியை உருவாக்கியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள் என்று சொல்வார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இல்லை. ரங்கநாதனும் பெற்றவர் அல்லர். நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி நூலகம் என்றால் என்ன என்று படித்துவிட்டுப் போனாராம். 1924 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார்.

சேர்ந்த சில நாளிலேயே அலுத்துவிட்டது. வகுப்பறையில் மாணவர் கூட்டத்தோடு இருந்தவருக்கு, ஆள் வராத அறையில் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பது தண்டனையாகத் தெரிந்தது. மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று முதல்வரிடம் போய் நின்றார். முதலில் இங்கிலாந்து போய்ப் பயிற்சி எடு, திரும்பி வந்தும் பிடிக்கவில்லை என்றால் இங்கே வா என்று அனுப்பினார்கள். அப்படிப் போனவர்தான்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகவியல் பள்ளி இருந்தது. அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ், குரோய்டன் நகர நூலகத்தின் தலைமை நூலகர். ரங்கநாதன் வகுப்போடு நிற்கவில்லை. அந்த நாட்டின் நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு நேரில் போனார். தொழிலாளர்கள், பெண்கள், குழந்தைகள் என்று எல்லாரும் தாராளமாக வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். அதே சமயம் ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு மாதிரி நடப்பதையும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படை என்ன என்று கணக்கு வாத்தியார் மூளை கேட்க ஆரம்பித்தது.

அங்கேதான் அந்தப் பொம்மைக் கடைக் கதை. லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட தகடு, சக்கரம், திருகாணி, கயிறு. அதே துண்டுகளை வைத்து இப்போது வண்டி செய்யலாம், கழற்றி மாட்டினால் பாரந்தூக்கி. ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு சேர்த்துக்கொள்ளலாமே!

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். அதுவரை பெரும்பாலும் இருந்த முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் முன்கூட்டியே பட்டியலில் இருக்கும். தைத்து மாட்டிவைத்த சட்டை மாதிரி. உடம்புக்குச் சரியாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் கிட்டத்தட்ட இருப்பதைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ரங்கநாதன் முறை தையற்காரர் முறை. 'தஞ்சாவூர்ப் பகுதியில் 1950களில் நெற்பயிருக்கு வந்த நோய்' என்று ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேளாண்மை, நெல், நோய், தஞ்சாவூர், 1950கள் என்று அதை ஐந்தாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. அவற்றைச் சேர்த்துவைத்தால் அந்தப் புத்தகத்துக்கு அளவெடுத்துத் தைத்த எண் கிடைத்துவிடும். துண்டுகளைச் சேர்க்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். கோலன் வகைப்பாடு என்ற பெயர் அதனால் வந்தது. 1933-இல் நூலாக வெளிவந்தது.

1925-இல் ஊர் திரும்பியவர் மாநிலக் கல்லூரிக்குப் போகவே இல்லை. அடுத்த இருபது ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகமே வாழ்க்கை. படிப்பவர்கள் தாங்களே அலமாரிப் பக்கம் போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம் என்று திறந்துவிட்டார். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். வருகிறவர் என்ன தேடுகிறார் என்று கேட்டு உதவ ஆள் போட்டார். 1931-இல் வெளியான நூலக விதிகள் ஐந்தும் இந்த அனுபவத்திலிருந்து வந்தவைதான். என் வார்த்தையில் சொன்னால்: புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, படிப்பதற்கு. யார் வந்தாலும் அவருக்கு வேண்டியது கிடைக்க வேண்டும். எந்தப் புத்தகமும் படிப்பவர் இல்லாமல் கிடக்கக் கூடாது. வந்தவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் குழந்தை மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், அதற்குத் தக்கபடி இடம் விட வேண்டும்.

இதையெல்லாம் தனி ஒருவராகச் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அதற்கடுத்த ஆண்டே, 1929-இல், அந்தச் சங்கத்தின் சார்பில் நூலகர்களுக்கு ஒரு கோடைப் பள்ளி நடத்தினார். லண்டன் போக எல்லாருக்கும் முடியுமா? இங்கேயே சொல்லிக்கொடுத்தால் என்ன? பரோடாவிலும் லாகூரிலும் தொடங்கிவைத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். சென்னையில் தொடங்கியவரோ காவிரிக்கரைக்காரர். 1931-இல் அந்தப் பள்ளியைச் சென்னைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. 1937-இல் அது பட்டம் பெற்றவர்களுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. வகைப்பாடு, அட்டவணை, நூல் தேர்வு, நூலக நிர்வாகம், வாசகருக்கு உதவுவது என்று முறையான பாடங்கள். பாடநூல்களையும் பெரும்பாலும் அவரே எழுதினார். அவர் நூலகர்தான், ஆனாலும் கடைசிவரை வாத்தியார் வேலையை விடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

(இடையில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. 1931 அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நாட்டின் முதல் நடமாடும் நூலகம் அதுதான் என்பார்கள். மன்னார்குடிச் சம்பந்திகள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.)

சென்னையைப் பார்த்து மற்ற ஊர்களிலும் படிப்பு வந்தது. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் 1935, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1941, பிறகு பம்பாய், கல்கத்தா. 1945-இல் ரங்கநாதன் காசிக்குப் போனார், 1947-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே நூலகவியலை முதுகலை, முனைவர் பட்டம்வரை கொண்டுபோனார்கள். இந்தியாவில் நூலகவியலில் முதல் முனைவர் பட்டம் 1957-இல் டி. பி. கிருஷ்ணராவ் என்பவருக்குக் கிடைத்தது. ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? வேளாண்மை நூல்களை வகைப்படுத்துவது பற்றி! மேலே நான் சொன்ன நெல் உதாரணம் சும்மா வந்ததில்லை.

இதற்குள் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறதே, அதன் வேர் அங்கேதான். ரங்கநாதன் தம் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, தம் மனைவி சாரதா பெயரையும் சேர்த்து ஒரு நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்படக் காரணமாக இருந்தார். அது 1950களில் நடந்தது. அன்றைக்கு ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 1962-இல் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒரு மையம் அவர் தலைமையில் தொடங்கியது. இன்றும் நடக்கிறது. 1972-இல் பெங்களூரிலேயே காலமானார். அதே 1972-இல் தமிழ்நாட்டில் பொது நூலகத்துக்குத் தனி இயக்குநர் பதவி வந்தது. அதில் முதலில் உட்கார்ந்தவர் வே. தில்லைநாயகம், நூலகப் படிப்பு படித்தவர்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1957-இல் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றி ஆராய ரங்கநாதன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. படிப்பிலும் பொறுப்பிலும் ஆசிரியருக்கு நிகரான நூலகருக்குச் சம்பளமும் மதிப்பும் ஆசிரியருக்கு நிகராக இருக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் நிலை. நூலகப் படிப்பு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு குழு, அதற்கும் அவரே தலைவர். அதன் அறிக்கை 1965-இல் வந்தது. சம்பளம் குறைவாக இருந்தால் நல்ல மாணவர் இந்தப் படிப்புக்கு வரமாட்டார், நல்ல மாணவர் வராவிட்டால் நூலகம் மறுபடி சாவி வைத்திருப்பவர் கைக்கே போகும். இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல பல்கலைக்கழகங்களில் துறைகள் வந்தன. அஞ்சல் வழியிலும் படிக்கலாம் என்றானது. நெட் தேர்வில் நூலகவியலும் ஒரு பாடமானது. 1980களின் கடைசியில் கல்லூரி ஆசிரியர்களுக்கென்று வந்த பணியிடைப் பயிற்சிக் கல்லூரிகளில் நூலகர்களுக்கும் புத்தொளிப் பயிற்சி கிடைத்தது. 1991-இல் பல்கலைக்கழக நூலகங்களைக் கணினியால் இணைக்க இன்ஃப்ளிப்நெட் என்ற திட்டம் தொடங்கியது. அட்டைப் பெட்டிகளை இழுத்து இழுத்துத் தேடிய காலம் போய்விட்டது.

இந்தத் தொழிலில் ஒருமுறை படித்துவிட்டுப் படுத்துக்கொள்ள முடியாது என்பதும் அதனால்தான். எனக்கு 1982-இல் வேலை கிடைத்தது. நான் படித்த கழித்தல் முறை ஓய்வு பெறும்வரை மாறவில்லை. நூலகருக்கு அப்படி இல்லை. பத்து ஆண்டுக்கொரு முறை அவர் படித்தது பாதி பழசாகிவிடுகிறது.

இனி அந்தப் பெண் கதை.

அவளிடம் கேட்டேன், "எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்குதே, பசங்க உன்கிட்ட என்னத்துக்கும்மா வர்றாங்க?"

அவள் சிரித்தாள். "அதனாலதான் டீச்சர் வர்றாங்க" என்றாள். அவள் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பையன், கட்டுரையை வெளியிட ஒரு ஆய்விதழுக்குப் பணம் கட்டத் தயாராக இருந்தானாம். வீட்டில் நகையை அடகு வைத்த பணம். கட்டுவதற்கு முன்னால் தற்செயலாக இவளிடம் காட்டியிருக்கிறான். பத்து நிமிடத்தில் அது போலி இதழ் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். முகவரி பொய், ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள் பெயரும் பொய். "அவனுக்கு அது போலின்னு எப்படித் தெரியும் டீச்சர்? யாராவது சொல்லிக்கொடுத்திருந்தாத்தானே தெரியும்."

இதை அவள் எங்கே கற்றாள் என்று கேட்டேன். இரண்டு வாரப் பயிற்சி ஒன்றில். அவள் நிரந்தர ஊழியர் இல்லை. தொகுப்பூதியம். நிரந்தர நூலகர் ஓய்வு பெற்றபிறகு அந்த இடத்தை நிரப்பவே இல்லை, ஆண்டுக்கு ஆண்டு இவளுக்கு நீட்டிப்புத்தான். நிரந்தர ஊழியருக்குப் பயிற்சிக்குப் போனால் அது பணிநாள். இவளுக்குச் சம்பளம் இல்லாத விடுப்பு. இரண்டு வாரச் சம்பளத்தை விட்டுவிட்டு, கையிலிருந்து பஸ் காசும் தங்கும் செலவும் போட்டுப் போய்ப் படித்திருக்கிறாள். பன்னிரண்டு ஆண்டில் இப்படி மூன்று தடவை. பி.லிப்., எம்.லிப்., நெட் தேர்ச்சி எல்லாம் இருக்கிறது. சாவியும் இருக்கிறது. நாற்காலி மட்டும் தற்காலிகம்.

போனை வைத்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் நூலகப் பொறுப்பு பல ஆண்டு என்னிடம் இருந்தது. நூலகம் என்றால் ஒரு இரும்பு பீரோ. சாவி என் கைப்பையில். தணிக்கைக்கு வரும்போது இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தாலும் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். அதனால் பீரோவைத் திறப்பதே அபூர்வம். இந்தப் பெண் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து நிற்பாள். "டீச்சர், ஒரு புக்கு." "அடுத்த வாரம் பாக்கலாம்மா." எத்தனை அடுத்த வாரம்! என்னிடம் ஒரு புத்தகமும் தொலைந்ததில்லை, தணிக்கையில் நல்ல பெயர். புத்தகம் எல்லாம் புதுசாகவே இருந்தது, செல் அரிக்கும்வரை.

இத்தனைக்கும் ரங்கநாதன் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, அவருடைய முதல் விதிக்கு நேர் எதிராக நான் நடந்திருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. அவள் பி.ஏ. முடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். பி.எட். படிக்கட்டுமா, நூலகப் படிப்பு படிக்கட்டுமா என்று கேட்டாள். நான் சொன்ன பதில் இன்றும் காதில் கேட்கிறது: "புக்குக்கு சீல் குத்துற வேலைக்கு எதுக்கும்மா ஒரு பட்டம்?" அவள் ஒன்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போனாள். போய் நூலகப் படிப்பில் சேர்ந்தாள்.

நான் செய்தது அறியாமை மட்டும் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை என்று எனக்கு ஒரு பெருமை. இன்னொரு தொழிலுக்கும் பயிற்சி தேவை என்று ஏற்க மனம் வரவில்லை. என்னைப் போலப் பயிற்சி பெற்ற ஒரு வாத்தியார்தான் அந்தப் பயிற்சியை இந்த மண்ணில் உருவாக்கியவர் என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 12 சாயங்காலம் அவளுக்குப் போன் பண்ணினேன். பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா, மன்னிச்சுக்கோ" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னாள்: "அதெல்லாம் அப்பவே விட்டுட்டேன் டீச்சர். ஆனா அந்த பீரோவை மட்டும் நீங்க திறந்து விட்டிருக்கலாம்."

அவள் மன்னித்தது வார்த்தையை. பீரோவுக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை, கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

என் மாணவர்களில் சிலர் இன்று கல்லூரி நிர்வாகத்தில் இருக்கிறீர்கள், சிலர் அரசு அலுவலகங்களில் கோப்பு நகர்த்தும் இடத்தில் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் காலியான நூலகர் பணியிடக் கோப்பு வந்தால் இந்தப் பதிவை நினைத்துக்கொள்ளுங்கள். நிரப்ப முடியாவிட்டால், தொகுப்பூதியத்தில் இருப்பவர் பயிற்சிக்குப் போகும் நாளைப் பணிநாளாகவாவது போடுங்கள். பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள் நாளைக்கே பீரோவைத் திறங்கள். புத்தகம் இரண்டு தொலைந்தால் தொலையட்டும். அந்தப் பணத்தை நான் தருகிறேன், ஓய்வூதியம் வருகிறது.

உங்கள் வாழ்க்கையில் ஒரு நல்ல நூலகர் இருந்திருந்தால் கீழே எழுதுங்கள். அந்தப் பெண்ணும் படிப்பாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்